மாஸ்டர் சீட்டில் சைக்கிள்

என் வீட்டுக்காரரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பதினேழு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மருந்துக் கடைக்காரர், பல் டாக்டர், வங்கியில் டோக்கன் கொடுக்கிற பெண் எல்லோரும் இவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங் பிடித்தார்கள். தெருவில் பார்த்தால் இன்றைக்கும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். நல்ல மனுஷர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷர் மேல் எனக்கு ஒன்பது வருடமாக ஒரு கோபம் இருந்தது. எதற்கென்று எனக்கே சரியாகப் பிடிபடாத கோபம். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பிடிபட்டது. காரணம் தெரிந்தால் கோபம் தணியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பயிற்சி கார் என்றால் அதில் இரண்டு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் மாஸ்டர் காலடியில் ஒன்று. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதித்துவிடுவார், கார் நின்றுவிடும். பதினேழு வருடமாக அந்தப் பெடல் மேலேயே வலது காலை வைத்து உட்கார்ந்திருக்கிற மனிதர் இவர். ஷூ வாங்கினால் ஆறு மாதத்தில் வலதுகால் அடி தேய்ந்து ஓட்டையாகிவிடும், இடதுகால் புதுசு மாதிரி பளபளக்கும். "ஒத்தக் கால் மட்டும் விக்கிறதில்ல மாஸ்டர்" என்று ஷூ கடைக்காரர் வருடத்துக்கு இரண்டு தடவை கிண்டல் பண்ணுவார். பஸ்ஸில் போகும்போது எதிரே லாரி வந்தால் இவர் கால் தரையை மிதிக்கும். டிவியில் கார் துரத்துகிற காட்சி வந்தால் எங்கள் வீட்டு டீப்பாய் ஒரு அடி நகர்ந்துவிடும்.

வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். காரில் ஏறினால் போதும், தொண்டை திறந்துகொள்ளும். "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு? தலை சீவவா?" "கிளட்ச்சை மெதுவா விடுங்கன்னா, அதுக்காகத் தாலாட்டா பாடுறீங்க?" "எதிர்ல வர்றது பஸ்ஸுங்க, உங்க மாமனார் இல்ல, ஏன் இப்படி நடுங்குறீங்க?" காசு கொடுத்துப் படிக்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தமாஷ். திட்டிலும் ஒரு 'ங்க' இருக்கும். வீட்டு ஆட்களுக்கு அந்த 'ங்க' கிடையாது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைப்பது என் வேலை. ஒரு இழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். கடையில் எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். என் மகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். என் தம்பி அவளுக்கு ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். எங்கள் தெருவில் அதை ஓட்டிப் பழக முடியாது. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது போக வேண்டிய அளவுக்குத்தான் அகலம். அதனால் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி காரிலேயே சைக்கிளைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. காரை இரவில் எங்கள் ஷெட்டில்தான் விடுவார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார்.

சைக்கிளைக் காரில் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! டிக்கியில் கார் ஓடுவதற்கான கேஸ் சிலிண்டரும் பயிற்சிக் கூம்புகளும் இருப்பதால் பின்சீட்டில்தான் வைக்க முடியும். முதலில் சீட் முழுவதும் பழைய போர்வை. அதன் மேல் சைக்கிளைச் சாய்த்து, செயின் பக்கம் மேலே வருகிற மாதிரி படுக்கவைப்பார். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டுவார். பெடல் இரண்டுக்கும் வாண்டுவின் பழைய காலுறைகளை மாட்டுவார். "ஏத்துறதுல கவனம் இருந்தாத்தான் ஓட்டுறதுல கவனம் இருக்கும்" என்று ஒரு பிரசங்கம் வேறு. எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற ஒரு சாண் இடத்தில் சைக்கிளின் சொந்தக்காரியை ஒடுக்குவார். ஹேண்டில்பார் அவள் விலாவில் குத்திக்கொண்டே வரும். அவள் மூச்சுவிடமாட்டாள்.

மைதானத்தில் இறங்கியதும் ஏழு வயதுக் குழந்தைக்குக் கூம்பு அடுக்கினார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, ஆரஞ்சு நிறக் கூம்பு, வரிசையாக எட்டு! சீட்டை நன்றாக உயர்த்தி வைத்தார். முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டுமாம். குழந்தையின் கால் தரைக்கு எட்டவில்லை. பின்னாலிருந்து சீட்டை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். அவள் மிதிப்பாள், சைக்கிள் கொஞ்சம் ஆடும், இவர் உடனே பின்னால் இழுப்பார். இழுத்தால் சாயத்தானே செய்யும்? "விழப்போற, விழப்போற, விழப்போற!" என்று காதுக்குள்ளேயே கத்துவார். விழுவாள். "நான் சொன்னேன்ல!" என்பார், பரீட்சையில் முதல் மார்க் வாங்கின மாதிரி.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு அவள் கூம்பின் மேலேயே போய் விழுந்தாள். பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். இவருக்கு மானம் போய்விட்டது. "அம்மா மாதிரியேதான் நீயும். உங்க ரெண்டு பேருக்கும் வண்டி ஆகாது" என்றார், அந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி. வாண்டு முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அழவில்லை. "எனக்கு சைக்கிள் வேணாம்" என்றாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

புதன்கிழமை சாப்பிடும்போது மாஸ்டர் சாதாரணமாகச் சொன்னார். "மொதலாளியோட பேத்திக்கு சைக்கிள் கேட்டுட்டு இருந்தாங்க. இதைக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் கார்ல கொண்டுபோய் எறக்கிட்டு வந்துடறேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"அவதானே வேணாம்னா? சும்மா துருப்பிடிச்சுக் கெடக்கறதுக்கு யாராவது ஓட்டட்டுமே."

"குடுத்துடுங்கப்பா" என்றாள் வாண்டு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் ஷெட்டுக்குள் போனாள். சைக்கிள் சீட்டில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

'எனக்கு வேணாம்' என்ற அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். கல்யாணமான புதிதில் மாஸ்டரிடமே கற்றுக்கொண்டு, சோதனையில் முதல் தடவையே தேறி, லைசன்ஸ் வாங்கினேன். அடுத்த வாரம் நிஜமான சாலையில் ஓட்டிக் காட்டு என்று கூட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், வேடிக்கை பார்க்க. தண்ணீர்த்தொட்டி முக்குவரை நன்றாகத்தான் போனேன். நாற்சந்தியின் நட்டநடுவே கார் திடீரென்று குலுங்கி நின்றது. பக்கவாட்டில் வந்த பஸ் எங்களை உரசாத குறையாக வளைந்து போயிற்று. நாலு பக்கமும் ஹாரன்.

"யாரைக் கேட்டு பிரேக்கை மிதிச்ச? நடுரோட்டுலயா நிறுத்துவ? மூளையைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்துட்டியா?" என்று கத்தினார்.

"நான் மிதிக்கலங்க. பெடல் தானா எறங்குச்சு" என்றேன். நிஜமாகவே என் காலடியில் இருந்த பெடல் தானாகத்தான் இறங்கியது.

பின்னால் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். "கேட்டீங்களா, பெடல் தானா எறங்குச்சாம். பேய் வந்து மிதிச்சிருக்கும்!"

வீட்டுக்கு வந்து, நீங்கள் மிதித்தீர்களா என்று கேட்டேன். "என் காலை மடக்கியில்ல வச்சிருந்தேன்? பயத்துல உன் கால் என்ன பண்ணுச்சுன்னு உனக்கே தெரியல" என்றார். பதினேழு வருட மாஸ்டர், அப்போது எட்டு வருட மாஸ்டர், சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? என் காலையே சந்தேகப்பட்டேன். எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டேன். லைசன்ஸ் பீரோவுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தாலும் 'பேய் பிரேக்' கதை ஒரு சுற்று வரும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுப்பேன்.

நான் ஓட்டினது அதோடு சரி. ஆனால் காலையில் ஷெட்டைப் பெருக்குவதற்காகக் காரை வாசலுக்கு எடுப்பேன், பெருக்கியபின் உள்ளே விடுவேன். அதை மட்டும் அவர் கண்டுகொள்ளமாட்டார். வேலை மிச்சமல்லவா!

போன ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் மாஸ்டர் கிளம்பிவிட்டார். முதலாளியின் பெரிய காரில் யாருக்கோ வகுப்பு. "சாயங்காலம் சைக்கிளைத் தொடச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஷெட்டைப் பெருக்கக் காரை வெளியே எடுத்தேன். பெருக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "வாண்டு, ஷூ போட்டுட்டு வா" என்றேன்.

"எங்கம்மா?"

"மைதானத்துக்கு."

"யார் ஓட்டறது?"

"நான்தான். ஏன், எனக்குக் கை கால் இல்லையா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போய் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பின்சீட்டில் சைக்கிளை வைத்து அவள் விலாவில் குத்தவிட எனக்கு மனமில்லை. அவளைப் பின்னால் தாராளமாக உட்காரவைத்து பெல்ட் போட்டேன். முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, சைக்கிளின் பின்சக்கரத்தை சீட்டின் மேலேயும் முன்சக்கரத்தைக் கீழே கால் வைக்கிற இடத்திலும் நிறுத்தி, அதற்கும் ஒரு பெல்ட் போட்டேன். போர்வையும் இல்லை, காலுறையும் இல்லை, பிரசங்கமும் இல்லை. இரண்டு நிமிட வேலை. மாஸ்டர் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது சைக்கிள்.

பயந்துகொண்டேதான் காரை எடுத்தேன். அதை மறைக்கப்போவதில்லை. தெருவைத் தாண்டுகிறவரை வாய்க்குள் என்னென்னவோ முணுமுணுத்தேன். பெரிய சாலைக்கு வந்ததும் இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டமில்லை. வேகத்தடையில் மட்டும் கொஞ்சம் தூக்கிப்போட்டது. "அம்மா, நீ ஓட்டற!" என்றாள் வாண்டு, நான் பறக்கிற மாதிரி. "பேசாம வா" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தண்ணீர்த்தொட்டி முக்கு வந்தது. இப்போது அங்கே சிக்னல் போட்டிருக்கிறார்கள். சிவப்பு விழுந்தது. லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டேன். அடுத்த நொடி பெடல் என் காலடியிலிருந்து நழுவித் தானாகத் தரைவரை இறங்கியது. கார் குலுங்கியது, எஞ்சின் அணைந்தது, என் நெற்றி ஸ்டீயரிங்குக்கு அருகே போய் வந்தது.

அதே முக்கு. அதே குலுக்கல். அப்படியானால் அவர் சொன்னது சரிதான், என் காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சிக்னல் பச்சையானது. ஸ்டார்ட் பண்ணி கிளட்ச்சை விட்டேன், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு பால் வண்டி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் குழந்தை முன்னால் இதுவும் நடக்க வேண்டுமா என்று இருந்தது.

அப்போதுதான் வாண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ மிதிக்கலம்மா. சைக்கிள்தான் பிரேக்கை மிதிக்குது" என்றாள்.

பார்த்தேன். சைக்கிளின் முன்சக்கரம் வேகத்தடையில் நகர்ந்து, நான் பிரேக்கைத் தொட்டதும் முன்னால் சரிந்து, மாஸ்டர் பக்கத்துப் பெடலின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டிச் சக்கரத்தைத் தூக்கினேன். என் காலடியில் இருந்த பெடல் மேலே வந்தது. சக்கரத்தை விட்டேன். என் பெடல் இறங்கியது. மறுபடி தூக்கினேன், ஏறியது. விட்டேன், இறங்கியது. இரண்டு பெடலையும் அடியில் ஒரே கம்பியில் கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் அந்தக் காரைக் கழுவித் துடைத்தவள் நான், இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கும் இப்படித்தானே இறங்கியது? அன்றைக்கு அந்த சீட்டில் சைக்கிளா இருந்தது?

பால் வண்டிக்காரர் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தார். "என்னம்மா, பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு, வெளையாட்டா காட்டறீங்க? மாஸ்டர் எங்க?"

"கண்ணு தெரியலையா? மாஸ்டர் சீட்டுல சைக்கிள் உக்காந்திருக்கு. சுத்திப் போங்க!" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் ஏறிச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

கார் துடைக்கிற துண்டை எடுத்துச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கதவுப் பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மைதானம்வரை கார் ஒரு தடவைகூட அணையவில்லை. எனக்குள்தான் கொதித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

மைதானத்தில் சைக்கிளை இறக்கியும் வாண்டு காரைவிட்டு இறங்கவில்லை. "எதுக்கு ஓட்டணும்? அப்பாதான் சாயங்காலம் குடுத்துடுவாரே."

"சாயங்காலம்தானே? இப்போ காலைல."

"விழுந்தா?"

"விழு."

"திட்டுவியா?"

"உன்னைத் திட்டமாட்டேன். திட்டறதுக்கு வேற ஆள் இருக்கு" என்றேன்.

கார் ஸ்பானரை எடுத்து சீட்டை அடிவரை இறக்கினேன். இரண்டு காலும் தரையில் பதிந்தன. கண்ணாடி போட வருகிற முகத்துக்குத்தான் ஃபிரேமை வளைப்போம், ஃபிரேமுக்காக முகத்தை வளைக்கமாட்டோம். இந்தச் சின்ன விஷயம் மூன்று ஞாயிறாக எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அந்த எரிச்சல் வேறு. "மிதிக்காத. காலால தரையைத் தள்ளிக்கிட்டே போ" என்று சொல்லிவிட்டு, டிக்கியிலிருந்து ஒரு கூம்பை எடுத்துப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பிடிக்கவில்லை. கத்தவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், ஏனென்றால் என் முகம் அப்போது பார்க்கிற மாதிரி இல்லை.

விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். சைக்கிளை ஒரு உதை உதைத்தாள், பிறகு அவளே தூக்கி நிறுத்தினாள். அரைமணி நேரம் தள்ளித் தள்ளிப் போனவள், கால்களை லேசாகத் தூக்க ஆரம்பித்தாள். அப்புறம் நான் திரும்பிப் பார்த்தபோது கால் பெடலில் இருந்தது. மில் சுவரை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தாள். "அம்மா, பிரேக் எங்கம்மா?" என்று அலறினாள்.

"உன் கையிலதான்டி இருக்கு!" என்று நானும் அலறினேன். சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றாள். காலை ஊன்றி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

அப்போதுதான் மாஸ்டர் வந்தார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார், ஷெட் காலி, ஆட்டோ பிடித்து நேரே இங்கே. வந்தவர் மகளைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். பம்பரைத் தடவினார், கதவைத் தடவினார். கீறல் இல்லை என்று தெரிந்தபின்தான் குரல் வந்தது.

"யாரைக் கேட்டு வண்டிய எடுத்த? ஏதாவது ஆயிருந்தா? தண்ணித்தொட்டி முக்குல என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா?"

நான் கூம்பிலிருந்து எழுந்தேன். "மறக்கலைங்க. அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு பிரேக்கை மிதிச்ச பேய் யாருங்க?"

"என்ன உளர்ற?"

கார்க் கதவைத் திறந்தேன். மாஸ்டர் பக்கத்துப் பெடலைக் கையால் அமுக்கினேன். "அந்தப் பக்கம் பாருங்க. எறங்குதா? விடறேன். ஏறுதா? இன்னிக்குக் காலைல அதே முக்குல உங்க சீட்டுல இருந்த சைக்கிள் மிதிச்சுது. அன்னிக்கு யார் இருந்தாங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் மில் சுவரைப் பார்த்தார். நான் விடவில்லை. "சொல்லுங்க" என்றேன்.

"பஸ் வந்துச்சு" என்றார், பிறகு.

"ம்."

"நீ போயிருப்ப. தாண்டிப் போயிருப்ப, நெறைய எடம் இருந்துச்சு. நீ நல்லாத்தான் ஓட்டுன. நான்தான் பயந்துட்டேன். கால் தானா மிதிச்சுடுச்சு."

"அப்போ என்னை ஏன் திட்டுனீங்க?"

"பின்னாடி ரெண்டு பேர் இருந்தாங்கல்ல? புதுசு. மாஸ்டரே பயந்துட்டாருன்னு தெரிஞ்சா…"

நல்லாத்தான் ஓட்டுன. இந்தச் சொல்லுக்காக ஒன்பது வருடம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கூம்பை எட்டி உதைத்தேன், அது உருண்டு ஓடியது. "இவளுக்கு ரெண்டு வயசுல ஜுரம் கொதிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீங்க வெளியூர்ல இருந்தீங்க. கார் ஷெட்ல இருந்துச்சு. லைசன்ஸ் பீரோல இருந்துச்சு. நான் இவளைத் தோள்ல போட்டுட்டு ஆட்டோவுக்கு முக்கால் மணி நேரம் மழைல நின்னேன். எனக்கு வண்டி ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்! போதாததுக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் பேய்க் கதை. எத்தனை தடவை சிரிச்சீங்க?"

அவர் உருண்டுபோன கூம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இப்போ இவகிட்டயும் அதையேதானே சொன்னீங்க? அம்மா மாதிரியேன்னு. அந்தப் பசங்க சிரிச்சாங்கன்னு!" என்றேன். "அன்னிக்குப் பின்சீட்டுல இருந்தாங்களே ரெண்டு பேரு. யாரு அவங்க?"

யோசித்தார். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். "ஞாபகம் இல்ல" என்றார்.

எனக்கு அதற்குமேல் கத்தத் தெம்பில்லை. வாண்டு சைக்கிளை ஓட்டிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். ஆடி ஆடித்தான் வந்தாள், ஆனால் வந்தாள். மாஸ்டரின் கை தானாக சீட்டைப் பிடிக்க நீண்டது. "தொடாதீங்க" என்றேன். கையை இழுத்துக்கொண்டார். அவள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"மொதலாளி பேத்திக்கு வேற சைக்கிள் பாத்துக்கச் சொல்லுங்க."

"சொல்லிடறேன்" என்றார். பிறகு வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். "சாவியக் குடு. வெயில் ஏறுது, கெளம்பலாம்."

"பின்னாடி ஏறுங்க" என்றேன். "முன்னாடி சைக்கிள் இருக்கும்."

ஏறினார். மகள் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சைக்கிளை முன்சீட்டில் ஏற்றிச் சக்கரத்தைத் தூக்கிக் கட்டினேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. வழியெல்லாம் கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மறுபடி சூடேறியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கு வந்திருந்தாலும் நான் வாங்கியிருக்கமாட்டேன்.

தண்ணீர்த்தொட்டி முக்கில் எனக்குப் பச்சைதான் இருந்தது. நாற்சந்திக்குள் நுழைந்தபோது பக்கவாட்டில் ஒரு லாரி சிக்னலுக்காகச் சீறிக்கொண்டு வந்து கோட்டில் நின்றது. பின்சீட்டில் தொப்பென்று ஒரு சத்தம். அவர் வலது கால் தரையை மிதித்திருந்தது.

"அங்க பிரேக் இல்லப்பா" என்றாள் வாண்டு.

நான் லாரிக்கு முன்னால் முக்கைத் தாண்டி, மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.